கிழக்கு லண்டனில் வீடு தேடிய குடும்பங்கள்

குடிபெயர்வு பற்றி நமது சமூகத்தில் எழுதப்படுபவை பெரும்பாலும் புறப்பாட்டோடு நின்றுவிடுகின்றன. யார் போனார், ஏன் போனார், எந்த விசாவில் போனார் என்பதற்கெல்லாம் கதைகள் உண்டு. போய் இறங்கிய ஊரில் எந்தத் தெருவில் வீடு எடுத்தார்கள், மற்றத் தெருக்களை விட்டு அந்தத் தெருவை ஏன் தெரிவுசெய்தார்கள், தெரிவுசெய்தது யார் என்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன. குடும்பத்தோடு வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்களின் வீட்டிலோ முதற்கேள்வியே இதுதான்.

என் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு லண்டன் போக ஆயத்தமானபோது எங்கட வீட்டிலும் இந்தக் கதை பல நாள் ஓடியது. மருமகன் கணினித் துறையில் இருப்பவர். ரயில் வசதி, வாடகை, பாடசாலைகளின் தரவரிசை எல்லாவற்றையும் வைத்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். என் மச்சான் ஒருவர், "பள்ளிவாசலுக்குப் பக்கத்தில எடுங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். மகள் கேட்டது வேறொன்று. "இவரு காலையில வேலைக்குப் போனா, பொழுதுபடுகிற வரைக்கும் நான் யாரோட கதைக்கிற?"

நான் வெளிநாட்டில் குடியிருந்தவனல்லன். என்னிடம் இருந்தது வாசித்த வரலாறு மட்டும். அந்த மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், மூன்றையும் ஒரு மெய்யான வரலாற்றின் முன் வைத்துப் பார்க்க விரும்பினேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டது, லண்டனின் கிழக்கிலுள்ள டவர் ஹம்லெட்ஸ் பகுதியில் சில்ஹெட் முஸ்லிம்கள் குடியேறிய வரலாறு. வங்காளதேசத்தின் வடகிழக்கிலே, நெல் வயலும் நீர் நிறைந்த தாழ்நிலமுமாக உள்ள மாவட்டம் சில்ஹெட். அங்கிருந்து போனவர்கள் ஹனபிகள், நாம் ஷாபிஈகள். மற்றப்படி அவர்களது குடும்ப வாழ்க்கை நமக்கு அந்நியமானதல்ல. மூன்று தலைமுறைக்கான பதிவுகளும் அவர்களைப் பற்றிக் கிடைக்கின்றன.

பள்ளிவாசல் மட்டும் ஊராகுமா?

மச்சான் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். பள்ளிவாசல் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வருமா? பிரித்தானியாவின் வரலாற்றில் இதற்கு விடை சொல்ல ஓர் ஊர் இருக்கிறது.

லண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள வோக்கிங் என்ற சிறுநகரில் 1889 ஆம் ஆண்டு ஷாஹ் ஜஹான் பள்ளிவாசல் கட்டப்பட்டது. கட்டுவித்தவர் கொட்லீப் வில்ஹெல்ம் லைட்னர். ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, லாஹூர் அரசாங்கக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றிய மொழியறிஞர் அவர். போபாலை ஆண்ட ஷாஹ் ஜஹான் பேகம் அதற்குப் பொருளுதவி செய்தார். பச்சைக் குவிமாடத்தோடு அழகான பள்ளிவாசல். ஆனால் சுற்றிவர மஹல்லா இல்லை. 1899 இல் லைட்னர் மரணித்தபின் அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. 1913 அளவில் குவாஜா கமாலுத்தீன் அங்கு வந்து மீண்டும் தொழுகை நடத்தினார். அல்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தால், அப்துல்லாஹ் யூசுப் அலி ஆகிய இருவரும் அடக்கப்பட்டிருப்பது அதற்கு அண்மையிலுள்ள புரூக்வூட் மையவாடியில்தான். இவ்வளவு பேறு இருந்தும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில் தேடி வந்த பாகிஸ்தானியக் குடும்பங்கள் குடியேறும் வரையில் வோக்கிங்கில் முஸ்லிம் தெரு என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகவில்லை. ஐம்பது அறுபது வருடங்களாகப் பள்ளிவாசல் இருந்தது, ஊர் இருக்கவில்லை.

கிழக்கு லண்டனில் நடந்தது இதற்கு மறுதலையானது. லண்டனில் ஒரு பள்ளிவாசல் கட்டுவதற்காக 1910 இல் நீதிபதி செய்யித் அமீர் அலி முதலானோர் ஒரு நிதியம் தொடங்கினர். பல வருடங்களாக ஜும்ஆ வாடகை மண்டபங்களிலேயே நடந்தது. துறைமுகத்தை அண்டிய கிழக்குப் பகுதியில் முஸ்லிம் கப்பல் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்பதால், 1941 இல் கொமர்ஷியல் வீதியில் மூன்று வீடுகளைச் சேர்த்துப் பள்ளிவாசலாகத் திறந்தார்கள். இன்று வைட்சப்பல் வீதியில் உயர்ந்து நிற்கும் கிழக்கு லண்டன் பள்ளிவாசலின் கட்டடம் 1985 இல்தான் திறக்கப்பட்டது. அதாவது ஆக்கள் முதலில் வந்தார்கள், பள்ளிவாசல் அவர்களைத் தேடி வந்தது.

ஆண்களின் தெரு

அந்த ஆக்கள் யார்? கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய நீராவிக் கப்பல்களின் அடித்தட்டில், உலைக்கு நிலக்கரி அள்ளிப் போட்ட லஸ்கர்கள். அந்த வேலையில் சில்ஹெட்காரர்கள் பெருந்தொகையாக இருந்தனர். வெள்ளையருக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. சூடு தாங்காமல், கூலி போதாமல், லண்டன் துறையில் கப்பலை விட்டு இறங்கிப் போனவர்கள் பலர். இறங்கியவனுக்கு அன்றிரவு படுக்க இடம் வேண்டும்.

அந்த இடத்தைக் கொடுத்தவர்களில் அதிகம் பேசப்படுபவர் அய்யூப் அலி மாஸ்டர். அவரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்தவர்தான். ஸ்பிடல்பீல்ட்ஸில் சேண்டிஸ் றோ என்ற ஒடுங்கிய வீதியில் அவரது 13 ஆம் இலக்க வீடு, சில்ஹெட்காரர் மத்தியில் 'நம்பர் தேர்ட்டீன்' என்றே பேர் பெற்றது. அங்கே போனால் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். பொலிஸ் பதிவு, கடிதம் எழுதுதல், ஊருக்குக் காசு அனுப்புதல் எல்லாவற்றுக்கும் உதவி கிடைக்கும். கொமர்ஷியல் தெருவில் ஷாஹ் ஜலால் என்ற பெயரில் அவர் ஓர் உணவகமும் நடத்தினார். பெயரைக் கவனியுங்கள்: சில்ஹெட்டில் அடங்கியிருக்கும் வலியுல்லாஹ்வின் பெயர் அது. ஊரை விட்டு வந்தவன் முதலில் கொண்டுவந்து நட்டது அந்தப் பெயரைத்தான்.

போருக்குப் பின் பிரித்தானிய ஆலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு. 1962 இல் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் வந்து, வேலைக்கான வவுச்சர் இருந்தால்தான் நுழையலாம் என்றானது. வவுச்சர் முறை, முன்னரே அங்கிருந்தவன் தன் தம்பியையும் மருமகனையும் கூப்பிட வழியாயிற்று. ஒரே ஊர்க்காரர் ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்ததற்கு இது பெரிய காரணம். சிலர் பர்மிங்ஹாமின் வார்ப்பட்டறைகளுக்கும் ஓல்டஹாமின் பஞ்சாலைகளுக்கும் போனார்கள். அவை மூடப்படத் தொடங்கியதும் அவர்களில் பலர் லண்டனுக்குத் திரும்பி வந்தார்கள். பிரிக் லேன் சுற்றாடலில் யூத முதலாளிகளின் தையல் பட்டறைகளும் தோல் உடுப்புப் பட்டறைகளும் இருந்தன. வாடகை குறைவு. வேலைக்கு நடந்தே போகலாம். ஓர் அறையில் பலர் தங்கினார்கள். இரவு வேலைக்காரன் எழும்பிப் போன கட்டிலில் பகல் வேலைக்காரன் வந்து படுத்ததைப் பற்றிப் பல முதியோர் சொல்லியிருக்கிறார்கள். கரோலைன் அடம்ஸ் என்ற பெண்மணி இந்த முதியோரின் வாய்மொழிகளைத் திரட்டி 1987 இல் நூலாக்கினார்.

இந்தக் கட்டத்தில் தெரிவு என்பது இலேசான காரியம். வேலை எங்கே, காசு மிச்சம் பிடிப்பது எப்படி என்ற இரண்டு கணக்குத்தான். வீடு என்பது சில்ஹெட்டில் இருந்தது. லண்டனில் இருந்தது படுக்கை.

குடும்பம் தாமதித்த கதை

வடக்கு இங்கிலாந்தின் பாகிஸ்தானியர் பலர் 1960களிலேயே மனைவி மக்களை அழைத்தனர். சில்ஹெட்காரர் பிந்தினர். 'இன்னும் இரண்டு வருடம் உழைத்துவிட்டு ஊருக்கே போய்விடலாம்' என்ற எண்ணம் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. மத்திய கிழக்குக்குப் போன நமது ஆக்கள் எத்தனை பேர் இதே சொல்லைச் சொல்லிச் சொல்லி இருபது வருடம் கழித்தார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1971 இன் போரும், அதன் பின்னான பஞ்சமும், குடிவரவுச் சட்டங்கள் வருடத்துக்கு வருடம் இறுகியதும் அந்த எண்ணத்தைக் கலைத்தன. கதவு மூடுமுன் குடும்பத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற அவசரம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து கூடியது.

அவசரப்பட்டாலும் வழி இலேசாக இருக்கவில்லை. டாக்காவிலுள்ள பிரித்தானியத் தூதரகத்தில் விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உம்மாவையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்து, வீட்டில் எத்தனை மாடு, கிணறு எந்தப் பக்கம் என்ற மாதிரிக் கேள்விகளில் பதில் மாறினால், உறவு பொய் என்று மறுத்துவிடுவார்கள். 1980களில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெப்ரீஸ் கண்டுபிடித்த மரபணுச் சோதனை வந்த பிறகே, அப்படி மறுக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் மெய்யாகவே அந்த வாப்பாமாரின் பிள்ளைகள் என்று நிரூபணமாயிற்று. அதற்குள் சிலருக்கு 18 வயது தாண்டி, வரும் உரிமையே போய்விட்டது. எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு முன்னால், யாரோடு குடியிருப்பது என்பதையே அரசாங்கம் தீர்மானித்த காலம் அது.

பூட்டிய வீடுகள்

குடும்பம் வந்து இறங்கியதும் ஆண்களின் கணக்கு செல்லாமற் போனது. பலர் தங்கும் அறைக்குள் பெண்ணையும் பிள்ளைகளையும் கொண்டுபோக முடியாது. தனியார் வீடுகள் கிடைப்பது அரிது. மிச்சம் இருந்தது சபை வீடு. அன்றைய கிழக்கு லண்டனில் வீடுகளின் பெரும்பகுதி உள்ளூர்ச் சபைக்கோ, பெருநகர லண்டன் சபைக்கோ சொந்தமானவை. அவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. புதிதாக வந்த குடும்பம் பட்டியலின் அடியில் நிற்கும். முறை வந்தாலும் பழுதான, ஒடுங்கிய வீடுகளே இவர்களுக்கு ஒதுக்கப்பட்டன.

இன்னொரு இக்கட்டும் இருந்தது. சபை காட்டிய தொடர்மாடி வீடுகளில் சில பிரிக் லேனிலிருந்து தூரத்தில், வெள்ளையர் மட்டும் வாழும் இடங்களில் இருந்தன. அங்கே போன குடும்பங்களின் கதவில் மலம் பூசப்பட்டது, கடிதப் பெட்டி வழியாக எரியும் பொருட்கள் போடப்பட்டன, பிள்ளைகள் படிக்கட்டில் அடிபட்டனர். வாப்பா வேலைக்குப் போனபின் உம்மா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். கடைக்குப் போவதென்றாலும் அவர் திரும்பி வரவேண்டும். சிறிது நாளில் பல குடும்பங்கள் நல்ல வீட்டைக் கைவிட்டு, பிரிக் லேன் பக்கம் உறவினரின் நெரிசலான அறைக்கே திரும்பின.

அதே நேரத்தில் பிரிக் லேன் சுற்றாடலில் இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கென்று சபை வாங்கிய வீடுகள் பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தன. வீடில்லாக் குடும்பங்கள் அவற்றைத் திறந்து உள்ளே குடியேறத் தொடங்கின. 1976 இல் வங்காளிகள் வீட்டு நடவடிக்கைக் குழு என்ற அமைப்பு உருவானது. எழுத்தாளர்களான பாரூக் தோண்டி, மாலா சென் போன்றோர் அதற்குத் துணை நின்றனர். பிரிக் லேனுக்கு அருகே பெல்ஹாம் பில்டிங்ஸ் என்ற கைவிடப்பட்ட தொடர்மாடி முழுவதும் வங்காளிக் குடும்பங்களால் நிரம்பியது. கூரை ஒழுகும், மின்சாரத்தைத் தாங்களே இழுக்க வேண்டும். என்றாலும் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் தெரிந்த குரல் கேட்கும். இரவில் ஆண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

1978 மே 4 ஆம் திகதி மாலை, தையல் பட்டறையில் வேலை முடித்து வந்த அல்தாப் அலி என்ற இளைஞர் வைட்சப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் ஆயிரக்கணக்கானோர் ஒரு சவப்பெட்டியைத் தாங்கி நகரத்தின் மத்தி வரை ஊர்வலம் போனார்கள். அவர் விழுந்த இடத்தருகேயுள்ள பூங்காவுக்கு 1998 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. இந்தக் கொலைக்குப் பிறகு, எந்த வீதி பாதுகாப்பு என்ற கேள்வி உயிர்க் கேள்வியாயிற்று.

அதே வருடத்தில் பெருநகர லண்டன் சபை சில தொடர்மாடிகளை வங்காளிகளுக்கென்று ஒதுக்கலாமா என்று யோசித்ததாகச் செய்தி வெளியானது. பத்திரிகைகள் அதை 'கெட்டோ' என்றன. வங்காளிகளும் எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. இந்த எதிர்ப்பை மேலோட்டமாக வாசித்தால், சேர்ந்து வாழ விரும்பியவர்கள் ஏன் மறுத்தார்கள் என்ற குழப்பம் வரும். அவர்கள் கேட்டது வேறு. குடும்பம் அஞ்சாமல் வாழக்கூடிய இடங்கள் எவை என்பதைத் தாங்கள் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லுக்குச் சபை மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பிறர் வேலி போட்டு ஒதுக்கித் தருவதை அவர்கள் ஏற்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளம் பக்கம் வந்து சேர்ந்த நமது மக்களைக் கண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். அச்சத்தில் தன் ஆக்களைத் தேடிப் போவது ஒன்று. 'உங்கட இடம் அதுதான்' என்று மற்றவன் காட்டுவது இன்னொன்று.

அந்தத் தெருவின் பழைய உம்மாமார்

இந்த இடத்தில் வேறொரு நூலையும் சொல்ல வேண்டும். சில்ஹெட் குடும்பங்கள் வருவதற்கு இருபது வருடங்களுக்கு முன், பிரிக் லேனுக்குப் பக்கத்திலுள்ள பெத்னல் கிரீனில் வாழ்ந்த வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களை மைக்கல் யங், பீட்டர் வில்மொட் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1957 இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது, கலியாணம் முடித்த மகள் உம்மாவுக்குப் பக்கத்திலேயே வீடு எடுக்கிறாள் என்பதை. வாடகை வீடு எங்கே காலியாகிறது என்பது தாய்க்குத் தெரியும். வாடகை வசூலிப்பவரிடம் கதைத்து மகளுக்கு வாங்கிக் கொடுப்பவளும் அவளே. பிள்ளை பார்ப்பது, சுகவீனத்துக்கு உதவுவது, பின்னேரம் கூடியிருந்து கதைப்பது எல்லாம் இந்தத் தாய் மகள் கயிற்றில் தொங்கின. சபை இவர்களில் சிலரைத் தோட்டமும் குளியலறையும் உள்ள புதிய வீடுகளுக்கு எஸெக்ஸ் பக்கம் அனுப்பியது. வீடு திறம். பெண்கள் தனித்துப் போனார்கள்.

கிழக்கிலங்கை வாசகருக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். இதைத்தானே நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம்! மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும், இயன்றால் உம்மாவின் வளவிலேயே அல்லது அடுத்த வளவில் மகளுக்கு வீடு கட்டுவதும், பெரியம்மா சாச்சிமாரெல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதும் நமது வழக்கம். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வழக்கம் பெண்ணைப் பெற்றோர் மீது ஏற்றும் சுமை தனிக் கதை. இருந்தாலும் அதற்குள் ஓர் அறிவு இருக்கிறது. வீட்டை அதிகம் வாழ்பவள் பெண், ஆகவே அவளது ஆக்களைக் கொண்டே வீட்டின் இடம் தீர்மானிக்கப்படுகிறது.

வெளிநாடு போகும்போது நாம் இந்த அறிவை விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகிறோம். ஆணின் வேலையிடத்தை நடுவில் வைத்து வட்டம் போடுகிறோம்.

சேர்ந்திருந்ததன் விலை

சேர்ந்து வாழ்ந்ததால் எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது வரலாறாகாது. விலை கொடுத்தார்கள்.

முதலாவது விலை, நெரிசல். பெரிய குடும்பங்கள் இரண்டு அறைகளுக்குள் வளர்ந்தன. 1980களின் பிற்பகுதியில் டவர் ஹம்லெட்ஸ் சபை, வங்காளதேசத்தில் வீடு இருக்க அதை விட்டு வந்தவர்கள் தாமாகவே வீடற்றவர்களானவர்கள் என்று வாதிட்டு, சில குடும்பங்களைக் கைவிடப் பார்த்தது. விடயம் நீதிமன்றம் வரை போனது. வீட்டுப் பங்கீட்டின் மீதான வெள்ளையரின் கோபத்தை மூலதனமாக வைத்து, 1993 செப்டெம்பரில் அதே பகுதியின் மில்வோல் வட்டாரத்தில் இனவாதக் கட்சி ஒன்றின் வேட்பாளர் சபை உறுப்பினரானார். அடுத்த மே மாதமே தோற்றும் போனார்.

இரண்டாவது விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். பொருளியலாளர் நைலா கபீர் டாக்காவிலும் லண்டனிலும் உள்ள வங்காளிப் பெண்களை ஒப்பிட்டு 2000 ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். டாக்காவில் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கு நடந்து போய் வேலை செய்தார்கள். லண்டனில் பெண்கள் வீட்டுக்குள் மெஷினை வைத்து, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்தார்கள். முன்னேறிய நாட்டுக்குப் போன பெண் உள்ளே இருக்க, ஊரில் இருந்த பெண் வெளியே போனாள். பட்டறைக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் எல்லாம் ஊர் ஆண்கள், தெருவில் நிற்பவர்கள் கணவனின் சொந்தக்காரர், கதை உடனே ஊருக்குப் போய்விடும் என்பது அவர் காட்டும் காரணங்களில் ஒன்று. வெளியே இனவாதத்தின் அச்சமும் சேர்ந்துகொண்டது. காப்பாற்றிய கண்களே காவல் கண்களாகவும் இருந்தன. சொந்த ஆக்களுக்கு நடுவில் வீடு எடுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாடசாலைப் பட்டியல்

இனி மருமகனின் பட்டியலுக்கு வருவோம். 1997 இல் இங்கிலாந்தின் 149 உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளைப் பெறுபேற்றின்படி வரிசைப்படுத்தியபோது டவர் ஹம்லெட்ஸ் 149 ஆவது இடத்தில் இருந்தது. அந்த வருடம் தரவரிசையை மட்டும் பார்த்து வீடு தேடிய எவரும் அந்தப் பக்கம் தலைவைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் அதே பகுதியின் பாடசாலைகள் தேசிய சராசரியைத் தாண்டின. வெளியே இருந்து ஆய்வாளர்கள் வந்து காரணம் தேடினார்கள். கல்வி நிர்வாகத்தின் உறுதியான தலைமை, தாராளமான நிதி, நல்ல ஆசிரியர்களைப் பிடித்து வைத்திருந்தமை என்பவற்றோடு, பெற்றோரோடும் பள்ளிவாசல்களோடும் சேர்ந்து பிள்ளைகளின் வரவைக் கூட்டியமையும் அதில் ஒன்று. தவணை நடுவில் பிள்ளைகளை மாதக்கணக்கில் ஊருக்குக் கூட்டிப் போகும் பழக்கத்தைக் குறைக்கப் பள்ளிவாசலும் பாடசாலையும் ஒன்றாகக் கதைத்தன. அப்படிக் கதைக்க முடிந்ததற்கு, ஒரே இடத்தில் வேர்விட்ட குடும்பங்கள் இருந்தது உதவியது.

பட்டியல் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. பட்டியல் இன்றைய நிலையைச் சொல்லும், பிள்ளை படிக்கப்போவது அடுத்த பத்து வருடங்கள். அதனால் பாடசாலை எந்தத் திசையில் போகிறது, அதன் வாசலில் நிற்கும் பெற்றோருக்கும் அதிபருக்கும் இடையில் பேச்சு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லம்.

தெருவும் நிரந்தரமில்லை. பிரிக் லேனின் ஜாமிஆ பள்ளிவாசல் கட்டடம் 1743 இல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த புரட்டஸ்தாந்தரின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. பின் மெதடிஸ்த தேவாலயம். 1898 இல் யூதர்களின் தொழுகை இல்லம். யூதக் குடும்பங்கள் ஸ்டாம்போர்ட் ஹில், கோல்டர்ஸ் கிரீன் என்று வடக்கே நகர்ந்த பின், 1976 இல் பள்ளிவாசல். 2021 குடிசன மதிப்பீட்டில் டவர் ஹம்லெட்ஸில் 100 பேருக்கு ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள். ஆனாலும் வீட்டு விலை ஏறியதால் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் பலர் கிழக்கே ரெட்பிரிட்ஜ், பார்க்கிங் பக்கம் நகர்கின்றனர். மூத்தவர்கள் பழைய இடத்திலும், இளையவர்கள் ரயிலில் போய்வரும் தூரத்திலுமாக ஒரு புதிய வளவு உருவாகிறது. முதல் வீடு கடைசி வீடாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்தத் தெருவே சொல்கிறது.

நமது கணக்குக்கு

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வீட்டின் இடத்தை அளக்கும்போது பகல் பத்து மணியை வைத்து அளக்க வேண்டும் என்பதே. இரவு எல்லா வீடும் ஒன்றுதான், ஆண் வீட்டில் இருக்கிறான், கதவு பூட்டியிருக்கிறது. பகல் பத்து மணிக்கு மனைவி பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டால், நடந்து போகும் தூரத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது? கதைக்க ஒரு வீடு இருக்கிறதா? ஹலால் கடை, மருத்துவர், பாடசாலை, பெண்களும் போய்த் தொழக்கூடிய பள்ளிவாசல் இருக்கின்றனவா? திடீரென்று சுகவீனம் என்றால் மூத்த பிள்ளையை யாரிடம் விடுவாள்? அவள் படிக்க, வேலைக்குப் போக விரும்பினால் அந்தத் தெரு வழிவிடுமா, கண் போட்டுத் தடுக்குமா?

இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் அந்த இடத்தில் வாழும் பெண்கள். ஆண்களோடு மட்டும் தொலைபேசியில் கதைத்து வீடு பேசி முடிக்கும் நமது வழக்கம் சரிவராது. அந்த இடத்தை விட்டு வேறிடம் போன ஒரு குடும்பத்தையும் கேட்க வேண்டும். ஏன் போனார்கள் என்பது, ஏன் இருக்கிறார்கள் என்பதைவிட அதிகம் சொல்லும். முதல் வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது, வாங்குவதைப் பிறகு யோசிப்பது. நூறு குடும்பங்கள் உள்ள இடந்தான் வேண்டும் என்றில்லை. கதவு தட்டக்கூடிய இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்தால் போதும். அவர்கள் நம்மூர் ஆக்களாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சோமாலியப் பெண்ணோ, குஜராத்திப் பெண்ணோ, பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவியோ அந்த இடத்தை நிரப்பலாம்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சில்ஹெட் ஆண்களின் வாய்மொழி 1987 இல் நூலானது. பூட்டிய வீடுகளைத் திறந்து குடியேறிய குடும்பங்களின் கதையைப் பெண்களின் வாயாலும் கேட்டு ஷப்னா பேகம் எழுதிய நூல் வந்தது 2023 இல். இடையில் 36 வருடங்கள். அதற்குள் எத்தனையோ உம்மாமார் மௌத்தாகிவிட்டார்கள். வடமேற்கு லண்டனில் ஹரோ பக்கமும், மெல்பேர்னிலும், டொரொண்டோவிலும் குடியேறிய நமது குடும்பங்களில் முதலாவதாகப் போன பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தத் தெருவில், எதை நினைத்து, யாருடைய சொல்லைக் கேட்டு வீடு எடுத்தீர்கள் என்று அவர்களை இப்போதே கேட்டு எழுதி வைத்தால், இனிப் போகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.